பாம்பனிலிருந்து தண்டையார்பேட்டை வரை எங்களைக் கொண்டுசேர்த்தவர்களுக்கு

பாம்பன்,
2025 மே, கடைசி வாரம்.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு மே மாதம் கணவர், இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் இயந்திரம், சில சாக்கு மூட்டைகள் ஆகியவற்றோடு சென்னைக்குக் குடிபெயர்ந்த நான், ஓராண்டு கழித்து அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்த மடலை எழுதுகிறேன். இது நேரில் சொல்ல வேண்டிய நன்றிதான். ஆனால் எங்களுக்கு உதவியவர்களில் பாதிப் பேர் இந்தத் தீவில் இருக்கிறார்கள், மீதிப் பேர் சென்னையில் இருக்கிறார்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லோருடைய உதவியும் ஒன்றோடொன்று கைகோத்ததால்தான் எங்கள் குடும்பம் அங்கே காலூன்றியது என்பதை நீங்கள் அனைவரும் அறிய வேண்டும் என்று விரும்பியே பொதுவில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

என் கணவர் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். ராமேஸ்வரம் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாட்கள்தான் கடலுக்குப் போகின்றன. எல்லை தாண்டியதாகப் படகுகளும் ஆட்களும் பிடிபடும்போதெல்லாம் வேலைநிறுத்தம் வந்து அந்த 3 நாட்களும் இல்லாமல் போகும். படகு ஓடினால்தானே எஞ்சினுக்கு வேலை வரும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதால் அப்போது மட்டும் அவருக்கு ஓய்வில்லாத வேலை இருக்கும்; மற்ற மாதங்களில் இவ்வளவு வரும் என்று கைவிரலை மடக்கி எண்ணிச் சொல்ல முடியாது. இந்த நிலையில்தான், சென்னை காசிமேட்டில் ஒரு பட்டறையில் மாதம் 22,000 ரூபாய் நிரந்தரச் சம்பளத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அங்கிருந்து செய்தி அனுப்பினார். 2024 ஏப்ரலில், தடைக்காலம் தொடங்கிய மறுவாரமே, என் கணவர் கிளம்பிப் போனார்.

அந்த அண்ணனும் அவரோடு இருந்த மூன்று பேரும் காசிமேட்டுக்கு அருகே ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். ஐந்தாவது ஆளாகப் போனவருக்குப் பாய் விரிக்க இடம் ஒதுக்கி, ஐந்து வாரங்கள் அறை வாடகையில் பங்கு கேட்காமல், சமைத்ததைப் பகிர்ந்து வைத்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் அவர்கள் செய்தார்கள். நாள் முழுவதும் கிரீஸிலும் டீசலிலும் உழைத்துவிட்டு, மாலையில் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அவருக்காகத் தெருத்தெருவாக வீடு தேடினார்கள். கருவாடு சமைப்பீர்களா என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. படகு வேலை என்றதும் வாடகை ஒழுங்காக வராது என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அந்த அவமானத்தை எங்களுக்காக அந்த நால்வரும் வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒன்றையும் அப்போது எங்களிடம் சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கும் அது பயன்படும். சிறிய சம்பளத்தில் சென்னையில் குடும்பம் நடத்த முடியுமா என்றுதான் எல்லோரும் எங்களைக் கேட்டார்கள். நடத்த முடியும். முடியாமல் போவது அதற்கு முன்னால் இருக்கிற ஒன்றரை மாதம்தான். பட்டறையில் ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 10-ஆம் தேதி கொடுப்பார்கள். ஆகவே முழுச் சம்பளம் முதன்முதலில் கைக்கு வருவது ஜூன் 10. வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, சாமான் ஏற்றும் வண்டிக் கூலி, முதல் மளிகை ஆகிய அனைத்தும் அந்தத் தேதிக்கு முன்பே வந்து நின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய 37,000 ரூபாய் தேவைப்பட்டது. எங்கள் கையில் இருந்தது 12,000.

அந்தத் தொகை 37,000-க்குள் அடங்கியதே தண்டையார்பேட்டை வீட்டுக்கார அம்மாவால்தான். ஓர் அறையும் சமையலறையும் கொண்ட போர்ஷன் அது, வாடகை 7,000. சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், அதாவது 70,000 ரூபாய் என்றுதான் முதலில் பேச்சு தொடங்கியது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் வீடு தேடி வாசலில் நிற்கும் குடும்பம் சட்டத்தைக் காட்டி வீட்டைப் பெற முடியாது என்பதே என் அனுபவம். எதிர்வீட்டில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஓர் அக்கா, என் கணவர் தலைகுனிந்து திரும்புவதைப் பார்த்து, அவராகவே உள்ளே போய் வீட்டுக்கார அம்மாவிடம் பேசினார். முன்பின் தெரியாத எங்களுக்காக அவர் கொடுத்த சொல்லை நம்பி, 35,000 போதும், அதிலும் 20,000 இப்போது, மீதியை ஜூலை முதல் மாதம் 5,000 வீதம் மூன்று தவணையில் கொடுங்கள் என்று அந்த அம்மா இசைந்தார். அம்மா, நீங்கள் தள்ளிவைத்த அந்த 15,000 ரூபாய்தான் என் பிள்ளைகள் அந்த ஜூனில் பள்ளிக்குப் போனதற்குக் காரணம்.

பற்றாக்குறையாக இருந்த 25,000-ஐ இரண்டு இடங்களிலிருந்து பெற்றோம்.

ஒன்று, எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு. ஊரைவிட்டுப் போகப்போகும் உறுப்பினருக்கு எந்தக் குழுவும் உள்கடன் கொடுக்கத் தயங்கும். தயங்குவது நியாயமும்கூட, ஏனென்றால் அது கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி எடுத்த பெண்களும் மீன் ஏலத்தில் கூடை சுமந்த பெண்களும் வாரந்தோறும் போட்ட சேமிப்பு. நான் கேட்கவே கூசினேன். என் அம்மா தாமே பொறுப்பேற்று மாதந்தோறும் கட்டுவதாக எழுந்து சொன்னார். அதன்பின் ஒரு சகோதரிகூட மறுத்துப் பேசவில்லை. பத்தாயிரம் ரூபாயை எண்ணி என் கையில் கொடுத்த தலைவி அக்கா, வருகைப் பதிவேட்டில் என் பெயரை அடிக்க மாட்டோம் என்றார். அந்தச் சொல் எனக்குப் பணத்தைவிடப் பெரிய தைரியமாக இருந்தது.

மற்றொன்று, சென்னை மண்ணடியில் கடை வைத்திருக்கும் கீழக்கரைப் பெரியவர். என் அப்பா உயிரோடிருந்தபோது அவர்கள் குடும்பத்துக்குப் பனை ஓலைப் பெட்டி முடைந்து கொடுத்துவந்தார் என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு உறவில்லை. என் கணவர் அப்பாவின் பெயரைச் சொன்னதும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, 15,000 ரூபாயைக் கைமாற்றாகத் தந்தார். பத்திரம் எழுதித் தருகிறேன் பாய் என்று இவர் சொன்னபோது, அதெல்லாம் வேண்டாம் தம்பி, வட்டியும் எங்களுக்கு ஆகாது, முடிந்தபோது கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். மாதம் 1,500 வீதம் பத்து மாதங்களில், சென்ற மாதம் அதைக் கொடுத்து முடித்தோம். ஒரு மாதம் தாமதமானபோதும் அவர் கேட்டு ஆள் அனுப்பவில்லை.

சாமான்கள் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுபோயிருந்ததால், நாங்கள் போனபோது தீவுக்குள் ரயில் கிடையாது. பிள்ளைகளோடு ராமநாதபுரம் வரை பேருந்தில் போய்த்தான் ரயிலேறினேன். பீரோ, தையல் இயந்திரம், பாத்திரங்கள் ஆகியவற்றைத் தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகை நாற்று ஏற்றிக்கொண்டு சென்னைப் பக்கம் போன வண்டிக்கார அண்ணன், தமது சுமையை நெருக்கி அடுக்கி இடமுண்டாக்கி, 4,500 ரூபாய்க்குக் கொண்டுவந்து இறக்கினார். தனி வண்டி பிடித்திருந்தால் அதைப்போல் பல மடங்கு ஆகியிருக்கும். நாற்றுக்குத் தெளித்த ஈரம் படாமல் இயந்திரத்துக்குத் தார்ப்பாய் சுற்றியிருந்தார். அந்த இயந்திரம்தான் பின்னால் எங்களைத் தாங்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எரிவாயு இணைப்பை ஒப்படைத்தால் இங்கே பழைய வைப்புத்தொகை 1,450 ரூபாய் திரும்பக் கிடைக்கும், அங்கே 2,200 கட்ட வேண்டும், அதற்கான மாற்றுச் சீட்டைத் தொலைத்துவிடாதே என்று எச்சரித்துக் கையில் கொடுத்த ஏஜென்சித் தம்பிக்கும், கோடை விடுமுறையிலும் பள்ளியைத் திறந்து இரண்டு பிள்ளைகளுக்கும் மாற்றுச் சான்றிதழ் எழுதித்தந்த தலைமையாசிரியைக்கும் என் நன்றி. அந்தச் சான்றிதழ்களைக் கொண்டுபோனதால்தான் ஜூன் 10 அன்று பள்ளி திறந்த முதல் நாளே மாநகராட்சிப் பள்ளியில் மகளை நான்காம் வகுப்பிலும் மகனை முதல் வகுப்பிலும் சேர்க்க முடிந்தது.

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களை நான் மறக்க மாட்டேன். வாடகை 7,000, அட்வான்ஸ் தவணை 5,000, மண்ணடிப் பெரியவருக்கு 1,500 போய்விடும். ஆகஸ்டிலிருந்து குழுவுக்கு 1,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் சேர்ந்தன. மிஞ்சிய ஏழாயிரத்துச் சொச்சத்தில் நான்கு பேர் ஒரு மாதம் வாழ வேண்டும். முகவரி மாற்றாவிட்டாலும் கைரேகை வைத்து எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்து, முதல் மாதமே பொருள் போட்டுக் கொடுத்த கடை ஊழியரை நான் அப்போது தினமும் நினைத்துக்கொண்டேன். இருபது கிலோ விலையில்லா அரிசியும், 30 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு கிலோ துவரம்பருப்பும், 25 ரூபாய்ப் பாமாயிலும் இல்லாமல் அந்தக் கணக்கு நேராகியிருக்காது. பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே காலை உணவும் மதிய உணவும் கிடைத்தன. அங்கே காலையில் உப்புமாவும் கிச்சடியும் பரிமாறிய அம்மாக்கள், என் மகன் புது ஊரின் பயத்தில் சாப்பிடாமல் அழுத முதல் வாரம் முழுவதும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டியிருக்கிறார்கள். அவன் சொல்லித்தான் எனக்கே அது தெரியவந்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் மாவட்டத்துப் பெண் எப்படி ஒரு மடலை முடிப்பாள்? தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்து வளர்ந்தவள் நான். சென்னையிலாவது அந்த அலைச்சல் தீரும் என்று நினைத்திருந்தேன். அங்கேயும் விடியற்காலையில் அடிபம்பில் வரிசை நிற்க வேண்டியிருந்தது. நேரமும் முறையும் தெரியாமல் நான் காலிக் குடத்தோடு திரும்பிய இரண்டாம் நாள், முன்பு சொன்ன எதிர்வீட்டு அக்கா, தம்முடைய குடங்களுக்கு நடுவே என் குடங்களையும் வைத்து, இவளும் நம் தெருதான் என்று எல்லோரிடமும் சொன்னார். அன்றிலிருந்து நான் வரிசையில் யாரோடும் வாதாட நேர்ந்ததில்லை. என் தையலைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவுக்கே அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதில் தொடங்கி, அக்டோபருக்குள் மாதம் நான்காயிரம் ரூபாய்க்குக் குறையாத அளவுக்குப் பிளவுஸ் வேலை வந்தது. நூலும் லைனிங்கும் வாங்கப் பாரிமுனைக்குக் கட்டணமில்லாப் பேருந்தில் போய்வருவதால் அந்தச் செலவும் மிச்சம்.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் எழுதுகிறேன். ஊருக்குப் போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் நெத்திலிக் கருவாடும், முண்டு மிளகாயும், கருப்பட்டியும் கொடுத்தனுப்பி, எங்கள் சமையலில் ஊரின் ருசி குறையாமல் பார்த்துக்கொண்டார். தாம் பாசிக்குப் போய்ச் சம்பாதித்ததிலிருந்து இரண்டு மாதத் தவணையை எனக்குத் தெரியாமலேயே கட்டியிருக்கிறார் என்பதை இந்த முறை குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த முறை பிள்ளைகளோடு ரயிலிலேயே கடலைக் கடந்து வந்தேன். ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் ரயில் மெதுவாகப் போனபோது என் மகன் கடலைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தான். கணவர் வரவில்லை, தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் அவருக்கு இரவு பகலாக வேலை. வந்த மூன்றாம் நாள் குழுக் கூட்டத்துக்குப் போய், பத்தாவது தவணையைக் கட்டி முடித்தேன். சொன்னபடியே வருகைப் பதிவேட்டில் என் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு நேரே ஓராண்டுக்குப் பிறகு கையெழுத்திட்டேன்.

ஜூன் 2 அன்று பள்ளி திறக்கிறது. அதற்கு முன் திரும்பிவிடுவோம். தங்கச்சிமடத்திலிருந்து ஒரு குடும்பம் ஜூனில் சென்னைக்கு வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். வீடு அமையும்வரை அந்த வீட்டுப் பெண்ணும் பிள்ளைகளும் எங்கள் போர்ஷனில் தங்கிக்கொள்ளலாம். காசிமேட்டு அறையில் அந்தப் பெண்ணின் கணவருக்கு இடமுண்டு என்று அண்ணன்களும் சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்காவிடமும் பேசிவிட்டேன். அடிபம்பு வரிசையில் இன்னும் இரண்டு குடங்களுக்கு இடம் இருக்கிறதாம்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
பாம்பன் மகள்,
தண்டையார்பேட்டை.