சித்தப்பா வீட்டு மொய்

அன்புள்ள மாப்ளே,

சிங்கப்பூரிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மருமகள் உடம்பு தேறிவிட்டாளா? இங்கே எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்காரிக்குத்தான் முழங்கால் வலி, மாடிப்படி பக்கமே போவதில்லை. தோப்பில் வெள்ளை ஈ தொல்லை ஓயவில்லை. மற்றபடி குறையில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "சித்தப்பாவிடம் நாங்கள் வாங்கிய மொய்யைப் பைசா பாக்கியில்லாமல் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகும் போனில் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார். இதற்கு மேல் என்னதான் வேண்டுமாம்?" என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அவர் விருந்து வைத்து மொய் வாங்கியபோது நான் அங்கே இருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடி மாதம் பேராவூரணிப் பக்கம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கீரமங்கலம், வடகாடு வரைக்கும் ரோட்டோரமெல்லாம் மொய் விருந்து பிளெக்ஸ்தான். ஒரே பந்தலில் பத்துப் பதினைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து நடத்துகிறார்கள், சாப்பாட்டுச் செலவு பங்காகிவிடும். உள்ளே போனால் கறிக்குழம்பு வாசனை; வெளியே வந்தால் வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை, ஒரு எவர்சில்வர் குண்டான், எழுதுவதற்கு ஓர் ஆள், பணம் எண்ண ஓர் ஆள். இப்போது சில இடங்களில் கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீதும் கொடுத்துவிடுகிறார்கள், நோட்டு எண்ணும் மெஷின்கூட வந்துவிட்டது. சித்தப்பா பழைய ஆள். நீளமான பேரேடுதான்.

உன் பணம் வந்த தகவலைச் சித்தப்பா மகன் செல்போனில் காட்டினான். எழுதுகிறவர் பழைய பக்கத்தைத் தேடி எடுத்துத் தொகையைச் சரிபார்த்துவிட்டு, "புது நடை எவ்வளவு?" என்று கேட்டார். தம்பி போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "அவ்வளவுதான்" என்றான். எழுதியவர் தலையைத் தூக்கிச் சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், "வாங்க, முதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிப் பந்திக்குள் போய்விட்டார்.

உன் அம்மா, எங்கள் அத்தை, இருந்தவரைக்கும் மொய் நோட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார், அதனால் இதெல்லாம் உன் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. ஒருவர் ஐயாயிரம் போட்டிருந்தால், அவர் வீட்டு முறை வரும்போது அந்த ஐயாயிரத்தையும் திருப்பிப் போட்டு, மேலே ஆயிரமோ இரண்டாயிரமோ சேர்க்க வேண்டும். சேர்ப்பதுதான் புது நடை. அப்புறம் அவர் நமக்குக் கடன், அடுத்த முறை நாம் அவருக்குக் கடன். யாராவது ஒருவர் எப்போதும் பாக்கி வைத்துக்கொண்டே இருப்பார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வாங்கியதை மட்டும் சரியாகத் திருப்பி வைத்தால், இனி உனக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று அர்த்தம். பங்காளிக்குள் வெட்டுக்குத்து வந்தால்தான் அப்படிச் செய்வார்கள். நீ பேங்க் கடனை அடைப்பதுபோல ஒழுங்காக அடைத்தாய். அவர் பேரேட்டில் அது உறவை முறித்துக்கொண்டதாகப் பதிவாகிவிட்டது.

ஊரிலிருந்து வருகிற போனெல்லாம் கடைசியில் பணத்தில்தான் வந்து நிற்கிறது என்கிறாய். அதை நான் மறுக்கமாட்டேன். மொய்யையும் புனிதமாக்கிப் பேசுகிற ஆள் இல்லை நான். வந்த மொய்யைத் திருப்பிச் செய்வதற்காக நகையை அடகு வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். செய்ய முடியாதவன் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பதையும் பார்க்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததே, அதற்கு அடுத்து முறை வந்தவர்கள் பாவம். வருஷக்கணக்காக ஊருக்கெல்லாம் போட்டிருந்தார்கள், திருப்பிப் போடவேண்டியவர்கள் கையில் காசில்லை. விழுந்து கிடந்த தென்னையை வைத்து யார் என்ன செய்வது? அது தலைதூக்குவதற்குள் 2020-இல் கொரோனா.

கஜா என்றதும் அந்த வாரம்தான் நினைவுக்கு வருகிறது. நீ அப்போதும் உடனே பணம் அனுப்பினாய், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் டவர் விழுந்து போன் செத்துப்போயிருந்தது. கரண்ட் இல்லை, ஏடிஎம் இல்லை, பேங்க் திறக்கவில்லை. கையில் ரொக்கம் வைத்திருந்தவனுக்கும் மரம் அறுக்க ஆள் கிடைக்கவில்லை, ஏனென்றால் எல்லோர் வீட்டு வாசலிலும் மரம். அத்தை இருந்த ஓட்டு வீட்டின் மேல் இரண்டு தென்னை குறுக்காக விழுந்து கிடந்தது. உள்ளே அவர் அடுப்படி மூலையில் உட்கார்ந்திருக்கிறார். சித்தப்பாவும் பையன்களும் அரிவாளையும் ரம்பத்தையும் தூக்கிக்கொண்டு, கிடந்த மரங்களுக்கு மேலே ஏறி இறங்கித்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள். மதியம் வரைக்கும் அறுத்து வழியெடுத்து, அத்தையை நாற்காலியோடு தூக்கித் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் சித்தப்பா தோப்பு என்ன கதியில் இருந்தது என்று அவரே இன்னும் போய்ப் பார்த்திருக்கவில்லை. போய்ப் பார்த்தபோது நிற்கிற மரத்தை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

கரண்ட் வரும்வரை அத்தை அங்கேதான் இருந்தார். சித்திதான் வெந்நீர் வைத்துக் கொடுப்பது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம். இதை அவர்கள் எந்த நோட்டிலும் எழுதவில்லை, ஒருநாளும் சொல்லிக்காட்டியதும் இல்லை. இதற்கு ஒரு தொகை போட்டு அனுப்பலாம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதே. அப்படி அனுப்பினால் இப்போது இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடும்.

இந்த மொய்ப் பணத்தைச் சித்தப்பா என்ன செய்தார் என்றும் சொல்லிவிடுகிறேன். கஜாவுக்கு அப்புறம் வைத்தது எல்லாம் நெட்டை ரகம், காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் கடன் வாங்கித்தான் தண்ணீர் பாய்ச்சினார். இப்போதுதான் பாளை விடுகிறது. பழைய போர் வற்றிவிட்டதால் புது போர் போட்டிருக்கிறார், மிச்சத்தில் கூட்டுறவுக் கடனில் பாதியைக் கட்டினார். ஆடம்பரமாக ஒன்றும் இல்லை.

2023 பிப்ரவரியிலிருந்து செல்போனில் பணம் அனுப்புகிற உங்கள் ஊர் பேநவ்வையும் நம்ம யூபிஐயையும் இணைத்துவிட்டார்களாம், பட்டனைத் தட்டினால் பணம் வந்துவிடுகிறது என்று என் பையன் சொல்கிறான். நல்ல வசதிதான். மருத்துவச் செலவு, படிப்புச் செலவு என்றால் அதுதான் உயிர்காக்கும், அதைக் குறைசொல்ல மாட்டேன். இந்த விஷயத்துக்கு மட்டும் அது வேண்டாம்.

தை மாதம் தம்பியின் இரண்டாவது பெண்ணுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். பத்திரிகை உனக்கு வருமா என்பது சந்தேகம், ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும். பத்திரிகை வராவிட்டாலும் வா. மொய் எழுதும் இடத்தில் நீயே உட்கார்ந்து, அத்தை பெயரைச் சொல்லி, அவர் மகன் என்று எழுதச் சொல். ஆயிரம் ரூபாய் போதும். பெரிய தொகையாக வைத்துவிடாதே, அவரால் திருப்பிச் செய்ய முடியாத அளவுக்கு வைத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். சித்தப்பா ஆரம்பத்தில் முறுக்கிக்கொண்டுதான் இருப்பார், ஏதாவது குத்தலாகவும் சொல்வார். வாங்கிக்கொள். பந்தியில் உனக்கு இலை போட்டாரா இல்லையா என்று அவரே வந்து பார்ப்பார், அந்த மனுஷனை எனக்குத் தெரியும்.

டிக்கெட்டைச் சீக்கிரம் போட்டுவிடு, பொங்கல் சமயம் திருச்சி விமானத்தில் இடம் கிடைக்காது. தேதியைச் சொன்னால் ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்புகிறேன். சித்திக்குக் கோடாலித் தைலம் நாலைந்து பாட்டில் வாங்கி வா, என் வீட்டுக்காரி முழங்காலுக்கும் சேர்த்து. பேத்திக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே, அதையும் எழுது.

அன்புடன்,
உன் மாப்ளே