ஆயாக்களைப் பேச விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தாம்பரம், மேடவாக்கம், கேளம்பாக்கம் என்று சென்னைப் புறநகர் முழுக்க முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டன. சேர்க்கும்போது கட்டணம், ஏசி, சாப்பாடு எல்லாம் விசாரிக்கிறோம். அங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் நேரடியாகப் பேசலாமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மறதி நோயுள்ள என் மாமியார் இருக்கும் இல்லத்தில் எதுவானாலும் மேனேஜர் மூலம்தான். மாமியாரின் குதிகால் சிவந்திருந்ததை முதலில் பார்த்தது இரவு ஷிப்ட் ஆயா. எங்கள் காதுக்கு எட்டுவதற்குள் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. "வீட்டுக்காரங்ககிட்ட நாங்க ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா" என்றார். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், சிவந்தவுடனே கவனிப்பதும்தான் படுக்கைப் புண்ணுக்கு முதல் வைத்தியம். பார்த்தவர் வாயைக் கட்டிவிட்டு அப்புறம் ஆயின்மென்ட் தடவி என்ன செய்ய?

குடும்பத்தார் தரப்பும் லேசுப்பட்டதில்லை. ஞாயிறன்று வந்து, நகம் ஏன் வெட்டவில்லை, சேலை ஏன் கசங்கியிருக்கிறது என்று ஆயாவை அதட்டிவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். அம்மாவுக்கு எந்தக் காது கேட்காது, முந்தானையைத் திருகினால் பாத்ரூம் போக வேண்டும் என்பதையெல்லாம் ஆயாவிடம் சொல்வதில்லை. அவராகப் பட்டுத் தெரிந்துகொள்வதற்குள் வேலையை விட்டுப் போய்விடுகிறார். (கொடுக்கிற சம்பளத்துக்கு யார் நிலைப்பார்கள்?)

2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டமோ ஜீவனாம்சம் பற்றியும் மாவட்டந்தோறும் இல்லம் அமைப்பது பற்றியும் பேசுகிறது. இல்லத்துக்குள் குடும்பத்தாரும் ஊழியரும் சேர்ந்து உட்கார அப்படியொரு குழு அதில் இல்லை. தமிழக அரசு இதையாவது செய்யலாம்: இல்லங்களைப் பதிவு செய்யும்போதே, மூன்று மாதத்துக்கொரு முறை ஆயா, நர்ஸ், குடும்பத்தார் கூட்டம் கட்டாயம் என்று நிபந்தனை போடலாம். கட்டிலருகே இரு தரப்பும் எழுத ஒரு நோட்டு வேண்டும்; எழுதத் தெரியாத ஆயா சொல்வதை நர்ஸ் எழுதட்டும். கூட்ட நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் தர வேண்டும். இரவு ஷிப்ட் முடித்தவரைத் தூக்கக் கலக்கத்தோடு சும்மா உட்காரவைத்தால் அவர் என்ன பேசுவார்?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை.