பூங்கா பெஞ்சுக்குச் சாய்மானம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியில் நகரப் பூங்காக்களைச் சீரமைப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யார் பணம் தருகிறார்கள், எவ்வளவு தருகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. உள்ளே போய் உட்காருகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கடலூரில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் அப்படி ஒரு பூங்கா இருக்கிறது. முன்பு புதர் மண்டிக் கிடந்த இடம். இருட்டிவிட்டால் அந்தப் பக்கம் போகவே பயப்படுவோம். ஒரு நிறுவனம் பணம் கொடுத்து, சுற்றுச்சுவர் எழுப்பி, விளக்கு போட்டு, நடைபாதை அமைத்துத் திறந்தபோது தெருவே சந்தோஷப்பட்டது. இப்போது பெண்கள் இரவு எட்டு மணிக்கும் பயமில்லாமல் நடக்கிறோம். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

என் அம்மாவுக்கு 79 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. திறந்த வாரமே அழைத்துப் போனேன். பெஞ்செல்லாம் பளபளப்பான கறுப்பு கிரானைட் பலகை. சாய்மானமும் இல்லை, கைப்பிடியும் இல்லை. அம்மா எப்படியோ உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கையை ஊன்றினால் கல் வழுக்குகிறது. நான் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுக்க, நடந்துகொண்டிருந்த ஒரு கல்லூரிப் பையன் ஓடிவந்து பின்னாலிருந்து தாங்கினான். அப்புறம்தான் எழுந்தார். திரும்பி வரும்போது, "இனிமே நம்ம வாசல்லயே உக்காந்துக்கறேன்மா" என்றார். அதன்பிறகு அவர் பூங்காவுக்கு வரவே இல்லை. ஒரே ஒரு கைப்பிடி இருந்திருந்தால் இன்றைக்கும் வந்துகொண்டிருப்பார்.

அந்த இடத்தில் முன்பு ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்து ஊரே மரங்களை இழந்தபோது தப்பி நின்ற மரம். ஒரு பக்கக் கிளை முறிந்து, அந்தக் காயத்தோடு திரும்பத் தழைத்தது. நீரூற்று கட்டுவதற்காக அதை வெட்டினார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு அந்த நீரூற்று ஓடி நான் பார்த்தது நாலைந்து தடவைதான். வேம்புக்குப் பதிலாக ராயல் பாம் வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அதன் அடியில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக்கூட நிழல் விழாது. மேற்கு பார்த்து வைத்த பிளாஸ்டிக் சறுக்கு மரத்தில் மாலை நாலு மணிக்கு ஏறிய என் பேரன், தொடை சுட்டு அலறிக்கொண்டு இறங்கினான்.

பாதிரி மரத்தால் பெயர் பெற்ற திருப்பாதிரிப்புலியூர் இருக்கிற ஊர் இது. பாடலீஸ்வரர் கோயிலின் தல மரமும் பாதிரிதான். இந்த ஊர்ப் பூங்காவில் ஒரு பாதிரிக் கன்று இல்லை. கடற்காற்றுக்குத் தாங்குகிற புன்னை, பூவரசு, புங்கன் எதுவுமே இல்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூச்செடிப் பாத்திகள் தவிர மற்ற இடமெல்லாம் பேவர் பிளாக், அதுவும் கான்கிரீட்டுக்கு மேல் பதித்தது. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதையும், அடுத்து தென்பெண்ணை வெள்ளம் நம் ஊருக்குள் வந்ததையும் மறந்துவிட்டோமா? தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் கொஞ்சநஞ்ச மண்ணையும் பணம் செலவழித்து மூடலாமா?

நிறுவனங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்கின்றன என்று நான் நினைக்கவில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின் கீழ் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் கட்டி, படம் எடுத்து, அறிக்கையில் போட வேண்டும் என்ற அவசரம். கிரானைட்டும் நீரூற்றும் இரண்டு மாதத்தில் வந்துவிடும். வேப்பமரம் நிழல் தரப் பல வருஷம் ஆகும். அதனால் கல் ஜெயிக்கிறது. ஆனால் இந்த அவசரத்தைச் சட்டம் கேட்கவில்லை. தொடர் திட்டமாக எடுத்துக்கொண்டால், தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் அந்தப் பணத்தைச் செலவிட வழி இருக்கிறது. நட்ட கன்றுக்கு மூன்று கோடை தண்ணீர் ஊற்ற இது போதும்.

இன்னொன்று. இந்த நிதியில் உருவாகும் சொத்தை அந்த நிறுவனமே வைத்துக்கொள்ள முடியாது என்று 2021இல் திருத்திய விதி சொல்கிறது. அப்படியானால் பூங்கா ஊருடையது. எங்கள் பூங்காவிலோ வாசல் வளைவில் தொடங்கி குப்பைத்தொட்டி வரைக்கும் நிறுவனத்தின் முத்திரைதான். வாசலில் ஒரு கல்வெட்டு போதாதா? புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் நிற்கிறது. தன் வீட்டை இடித்து ஊருக்குக் குளம் வெட்டினாள் என்று சொல்லப்படும் பெண்ணின் பெயர் அதற்கு. நடுப்பகலில் அங்கே போய்ப் பாருங்கள், பெரிய மரங்களின் அடியில் துண்டை விரித்து எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று. எங்கள் பூங்காவில் நடுப்பகலில் ஒருவரும் இல்லை. பதினோரு மணிக்கே வாட்ச்மேன் பூட்டிவிடுகிறார். கேட்டால், "வெயில்ல யாரும்மா வரப்போறாங்க?" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பைக் நுழையாமல் இருக்க வாசலில் வளைத்து வளைத்துக் கம்பி போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியும் நுழையாது. கழிப்பறை கிடையாது. நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள். இந்த வரைபடத்தைப் போட்டவர் ஒரு நாள் சாயங்காலம் அங்கே வந்து நின்றிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடித் தங்கள் தேவைகளைச் சொல்லும் பகுதி சபா கூட்டங்கள் நடக்கின்றன. குடிநீர், தெருவிளக்கு பற்றி அங்கே பேசுகிறோம். பூங்காவின் வரைபடத்தையும் அங்கே ஒட்டி வையுங்கள் என்று மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். நிறுவனம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒட்ட வேண்டும், கட்டி முடித்த பிறகு அல்ல. எந்த மரத்தை வெட்டப் போகிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

எங்கள் பூங்காவில் இப்போதும் செய்யக்கூடியவை உண்டு. பெஞ்சுகளில் பாதிக்காவது சாய்மானமும் கைப்பிடியும் பொருத்தலாம். ஓடாத நீரூற்றை மண் போட்டு நிரப்பி அங்கேயே ஒரு வேம்பும் ஒரு பாதிரியும் நடலாம். அடுத்த பகுதி சபா கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். அம்மாவையும் ஆட்டோவில் அழைத்துப் போகிறேன். பெஞ்ச் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர்.