ஒரே குடும்பத்தில் ஏழு ஐடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் பேசினால் "நான் சொல்றத முழுசா கேளும்மா" என்று நீ ஆரம்பிப்பாய், நானும் குரலை உயர்த்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் நம் குடும்பத்தையே சேர்க்க நீ அனுப்பிய பிளான் படத்தைப் பார்த்தேன். மேலே நீ. இடது பக்கம் மருமகள், வலது பக்கம் நான். மருமகளுக்குக் கீழே சம்பந்தியும் சம்பந்தி அம்மாவும். எனக்குக் கீழே அப்பாவும் மாப்பிள்ளையும். ஆக ஏழு ஐடி, அதாவது ஏழு உறுப்பினர் எண். ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், பேருக்குத்தான், நான் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஐடிக்கு 9,000 ரூபாய் பேக்கேஜ். ஏழு ஐடிக்கு 63,000. இடது ஒன்று, வலது ஒன்று சேர்ந்தால் ஒரு ஜோடி, ஜோடிக்கு 1,000 ரூபாய். இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர் இருப்பதால் உனக்கு மூன்று ஜோடி, மருமகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மொத்தம் 5,000. அப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் ஒன்றும் கிடையாது, அவர்களுக்குக் கீழே ஆள் இல்லை. மீதி 58,000 ரூபாய் புரோட்டீன் பவுடர் டப்பாவாகவும் பற்பசையாகவும் நம் எல்லோர் வீட்டு அலமாரிகளிலும் உட்கார்ந்திருக்கும். வந்த 5,000 கூட கம்பெனி காசு இல்லை, நாம் கட்டியதில்தான் திரும்பி வருகிறது. "முதல் வாரமே கமிஷன் ஏறிடுச்சு" என்று உன் அப்லைன், அதுதான் உன்னைச் சேர்த்துவிட்டவர், ஸ்கிரீன்ஷாட் போட்டு மீட்டிங்கில் கைதட்டச் சொல்வார். வெளியாள் ஒருவர் கூட அதுவரை ஒரு சோப்பு வாங்கியிருக்க மாட்டார்.

வீட்டு ஆட்கள் அஸ்திவாரம் மாதிரி, அப்புறம் வெளியாட்கள் வருவார்கள் என்று நீ சொல்வாய். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இத்தனை வருடம் கழித்த எனக்கு இந்தப் பேச்சு பழக்கம்தான். புதிதாகச் சேரும் ஏஜென்ட்டிடம் முதலில் தெரிந்தவர்கள் லிஸ்ட்டைத்தான் எழுதச் சொல்வார்கள். அண்ணன், அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு டீச்சர். முதல் வருட டார்கெட் அப்படியே முடிந்துவிடும். பெரிய ஆள் ஆகிவிட்டோம் என்று தோன்றும். அடுத்த வருடம் சித்தப்பா பிரீமியம் கட்ட மாட்டார். அவர் பாலிசி வேண்டும் என்று எடுக்கவில்லையே, ஏஜென்ட்டின் முகத்துக்காகத்தானே எடுத்தார். லேப்ஸ் ஆன பாலிசியும் கெட்டுப்போன உறவும்தான் மிஞ்சும். இந்தத் தொழிலில் நின்றவர்கள் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரைச் சம்மதிக்க வைக்கக் கற்றுக்கொண்டவர்கள். சொந்தக்காரர்களை வைத்து அதைக் கற்றுக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவர்கள் நிஜமான கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள்.

இத்தனைக்கும் சித்தப்பா எடுத்தது அவர் உயிருக்கான பாலிசி. கட்டிக்கொண்டு வந்திருந்தால் அவர் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. எனக்கு நீ போடச் சொல்லும் ஐடியில் எனக்கு என்ன இருக்கிறது? உன் வலது பக்கம் நிரம்புகிறது, அவ்வளவுதான்.

பாலிசி எடுக்க நிரப்பும் எங்கள் ப்ரொபோசல் படிவத்தில் 41ஆவது பிரிவு என்று பொடி எழுத்தில் ஒன்று இருக்கும். 1938ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டம். கமிஷனில் பங்கு தருகிறேன் என்று சொல்லி யாரையும் பாலிசி எடுக்க வைக்கக் கூடாது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏஜென்ட் தன் உயிருக்குத் தானே எடுக்கும் பாலிசிக்குக் கமிஷன் வாங்குவதற்குக் கூட, அவர் நிஜமாகவே தொழில் செய்கிற ஏஜென்ட்தான் என்று காட்ட நிபந்தனைகள் உண்டு. கமிஷனைக் காட்டியே ஆளை இழுப்பார்கள் என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள்.

உன் தொழிலிலும் இது புது விஷயம் இல்லை. ஆம்வே என்ற நெட்வொர்க் கம்பெனி 1998இல் இந்தியாவில் வியாபாரத்தைத் தொடங்கியது. அதில் கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஐடிதான், மனைவியைத் தனியாகக் கீழே போட்டுக் கமிஷன் வாங்க முடியாது. 1979இல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனி மீது நடந்த வழக்கில், அது பிரமிடு இல்லை, அதாவது ஆள் சேர்ப்பதை வைத்தே ஓடும் திட்டம் இல்லை, என்று தீர்ப்பு வந்ததற்கு முக்கியமான காரணம் அவர்கள் வைத்திருந்த விதிகள். வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தையாவது விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளர்களுக்காவது விற்றதைக் காட்ட வேண்டும், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். 2016இல் ஹெர்பாலைஃப் என்ற இன்னொரு நெட்வொர்க் கம்பெனி அமெரிக்காவில் 20 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டபோதும், இனி கமிஷனில் பெரும்பகுதி நிஜ வாடிக்கையாளர் வாங்கியதை வைத்துத்தான் தரப்பட வேண்டும் என்றுதான் முடிவானது. உன் பிளானில் மருமகளுக்குத் தனி ஐடி, எனக்குத் தனி ஐடி. சரக்கு யாருக்குப் போனது என்று கேட்கிற வரி ஒன்று கூட அதில் எனக்குத் தென்படவில்லை.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. ஆள் சேர்த்தால் பணம் என்று ஓட்டுவதைத் தடுக்க 1978லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது, மூன்று வருடம் வரை ஜெயில். 2016இல் நேரடி விற்பனைக்கு மத்திய அரசு வழிகாட்டுதல் போட்டது, 2021 டிசம்பரில் அதையே விதிகளாக்கி பிரமிடு திட்டங்களைத் தடை செய்தது. மாட்டினால் கம்பெனிதானே மாட்டும் என்று நினைக்காதே. படிவத்தில் கையெழுத்துப் போட்டால் நானும் அவர்களுடைய விற்பனையாளர். கமிஷன் என் பான் நம்பரில் ஏறும். நாளைக்கு எனக்குக் கீழே வந்த யாரோ ஒருவர் பணம் போச்சு என்று புகார் கொடுத்தால் அதில் என் பெயர் இருக்கும். நான் ஒன்றும் செய்யவில்லை, என் பையன் போட்டான் என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்லவா?

இதெல்லாம் போகட்டும். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுப்பது மாப்பிள்ளை விஷயம்தான். பிடிக்கவில்லை என்றால் மாட்டேன் என்று சொல்லட்டுமே என்கிறாய். எப்படிச் சொல்வார்? சொன்னால் மச்சானை மதிக்கவில்லை என்று ஆகும். சரி என்று பணம் கட்டினால், அது அக்கா வீட்டில் சும்மா இருக்குமா? அவள் மாமியார் ஒவ்வொரு முறை அந்த டப்பாவைத் திறக்கும்போதும் "உன் தம்பி கொடுத்தது" என்று ஆரம்பிப்பார். பதில் சொல்ல வேண்டியது அக்கா. மாப்பிள்ளைக்குக் கீழே ஆள் வராத மாதங்களில் நீ போன் செய்து "என்ன மாமா, ரெண்டு பேரைக் கொண்டுவாங்க" என்று துரத்துவாய். அப்புறம் தீபாவளிக்கு அவர் இங்கே வந்தால் எந்த முகத்தோடு உட்காருவீர்கள்?

சம்பந்தி வீட்டில் இன்னும் மோசம். பெண்ணைக் கொடுத்தவர்கள். நீ எதைக் கேட்டாலும் அவர்கள் காதில் வேறு மாதிரி விழும். 18,000 ரூபாய் தொழில் முதலீடு என்று நீ சொல்வாய். அவர்கள் மாப்பிள்ளை கேட்கிறார் என்று எடுத்து வைப்பார்கள். மருமகளிடம் இதைக் கேட்டாயா? கேட்டிருந்தால் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு மறைக்காமல் எழுது.

நெட்வொர்க் தொழிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய் விற்றுப் பிழைத்தவள் அதைச் சொல்ல முடியாது. உன் பற்பசை நன்றாக இருந்தால் எனக்கு இரண்டு எடுத்து வை. கடை விலையைச் சொல், கஸ்டமராகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். பிடித்தால் அடுத்த மாதமும் வாங்குவேன், பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். ஆனால் ஆதாரும் பானும் அனுப்ப மாட்டேன். அப்பாவிடமும் கேட்காதே, நீ கேட்டால் யோசிக்காமல் கொடுத்துவிடுவார்.

உன் ஐடியை ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்று தெரிகிறது. அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடு. கூலிங் ஆஃப் காலம் எத்தனை நாள் என்று அதில் இருக்க வேண்டும். அதற்குள் விலகினால் அபராதம் கேட்கக் கூடாது. நாள் தாண்டியிருந்தால், விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார். ஒப்பந்தமே கையில் தரவில்லை என்றால் எனக்குப் போன் செய், அடுத்து என்ன செய்வது என்று பேசுவோம். வெளியாள் பத்துப் பேருக்கு விற்கும் வரை வேறு ஐடி போட மாட்டேன் என்று உன் அப்லைனிடம் சொல்லிப் பார், அவர் என்ன சொல்கிறார் என்றும் எழுது.

மாப்பிள்ளைக்கு அனுப்பிய மெசேஜை அவர் இன்னும் பார்க்கவில்லை என்று அக்கா சொன்னாள். இன்றைக்கே அழித்துவிடு.

அன்புடன்,
அம்மா