மகளுக்கு ஈரல் வேண்டாம்

அன்புள்ள சேகர்,

மகள் உண்டாகியிருக்கும் செய்தி படித்து மனசு நிறைந்துவிட்டது. ரத்தம் ஊறட்டும் என்று வாரம் மூன்று நாள் ஆட்டு ஈரல் கொடுப்பதாக எழுதியிருக்கிறாயே, அதை இன்றோடு நிறுத்திவிடு.

ஈரலில் சத்து குறைவில்லை, அளவுக்கு மிஞ்சி இருப்பதுதான் சிக்கல். செம்மறியாட்டு ஈரல் 100 கிராமில் வைட்டமின் ஏ 7000 மைக்ரோகிராமைத் தாண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3000தான் மேல்வரம்பு. பி வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ அப்படிப் போகாது, உடம்பிலேயே தங்கும். முதல் மூன்று மாதத்தில் அது மிஞ்சினால் கருவின் உறுப்பு வளர்ச்சியையே கெடுக்கலாம். கேரட், கீரையில் இந்த அபாயம் இல்லை. அவற்றிலிருந்து உடம்பு தேவைக்குத்தான் ஏ தயாரித்துக்கொள்ளும். இதுவரை சாப்பிட்டதை நினைத்துப் பதற வேண்டாம். எவ்வளவு, எத்தனை நாள் என்று டாக்டரிடம் சொல், சத்து மாத்திரை அட்டையையும் காட்டு. அதில் ரெட்டினால் (ஈரலில் இருக்கும் அதே வகை வைட்டமின் ஏ) இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

ரத்தம் ஊற உதவும் பி12 வைட்டமினுக்கு ஈரலை நம்ப வேண்டியதில்லை. அவளுக்கு நாளொன்றுக்கு 2.6 மைக்ரோகிராம் போதும். செம்மறிக்கறி 100 கிராமிலேயே 2-க்கு மேல் கிடைக்கும். கோழியில் அதில் கால் பங்குகூடத் தேறாது. கோழியின் பலம் வேறு: நியாசினும் (பி3) பி6-உம் மார்புக்கறியில் அதிகம், ரிபோஃப்ளேவினும் (பி2) இரும்பும் தொடையில் அதிகம். தயமின் என்ற பி1-க்குப் பன்றிக்கறிதான், மெலிந்த இடுப்புத் துண்டு 100 கிராமில் ஏறக்குறைய 0.8 மில்லிகிராம், மாட்டுக்கறியில் 0.1-ஐ ஒட்டித்தான்.

துண்டைப் பார்த்து வாங்குவதோடு வேலை முடியவில்லை. உறைந்த கறியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சிவப்பாக ஒரு சாறு இறங்கும். ரத்தம் என்று கொட்டிவிடுவார்கள். உண்மையில் அது தசைச்சாறு, பி வைட்டமின்களும் அதோடு போய்விடும். முதல் நாள் இரவே மூடிய கிண்ணத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. இறங்கும் சாற்றைக் கறியோடு சட்டியில் ஊற்றி நன்றாகக் கொதிக்கவிடு. வேகவைத்த தண்ணீரை வடிக்காதே, குழம்பாகவே பரிமாறு. சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு மட்டும் போட்டுவிடாதே, அதன் காரத்தன்மையில் தயமின் அழிந்துபோகும். அவளுக்குக் கொடுக்கும் துண்டில் நடுவில் இளஞ்சிவப்பு தெரியவே கூடாது.

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
மூர்த்தி