நேட்டால் குடும்பக் கம்பெனி டைரக்டர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மாமாமாருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவுல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க்னு நம்ம பக்கத்துல தாத்தா காலத்து கம்பெனியை இன்னைக்கு நடத்துற உங்க எல்லாருக்கும்தான் இதை எழுதுறேன், அதே கம்பெனியில ஷேர் இருந்தும் ஒதுக்கப்படுற அக்கா தங்கச்சிமாருக்காக. எந்த இனத்துக்காரங்க எங்க இருக்கணும்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல கடையையும் வீட்டையும் பறிகொடுத்துட்டு, சாட்ஸ்வொர்த்துல மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சவங்க நம்ம பெரியவங்க. அந்த உழைப்புல பொம்பளைங்களும் இருந்தாங்க. எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி ஹார்ட்வேர் கடை கவுன்டர்ல நின்னு ஆணி எடை போட்டவங்க, ராத்திரி பில்புக்கை கூட்டிப் பார்த்து தாத்தா கையில கொடுத்தவங்க, அதனாலதான் தாத்தா அவங்களுக்கும் ஷேர் எழுதி வெச்சார்.

பல வருஷமா அந்த ஷேருக்கு டிவிடெண்டுன்னு, அதாவது லாபத்துல பங்குன்னு, ஒரு ராண்ட் வரல. டைரக்டர் சம்பளம் ஏறுது, கம்பெனி பேர்ல புது கார் வருது, கணக்கு கேட்டா மட்டும் "கூடப்பொறந்தவனையே சந்தேகப்படுறியா"ன்னு முகத்தைத் திருப்பிக்கிறாங்க. இது எங்க வீட்டு கதை மட்டும் இல்ல, கல்யாண வீட்டுலயும் கோயில்லயும் அக்காமார் தணிஞ்ச குரல்ல சொல்றதை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்.

லாபத்தை திரும்ப வியாபாரத்துலயே போடுறது தப்பில்ல, மெஜாரிட்டி எடுக்குற முடிவு மைனாரிட்டிக்கு பிடிக்கலைங்கிறதுக்காக அது ஒடுக்குமுறையும் ஆயிடாது, ஷேர் வாங்குறவங்க மெஜாரிட்டி முடிவுக்கு கட்டுப்படுறதா ஒத்துக்கிட்டுத்தான் உள்ள வர்றாங்கன்னு நம்ம கோர்ட்டுங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வருது. ஆனா 2008ஆம் வருஷத்து 71ஆம் நம்பர் கம்பெனி சட்டத்துல செக்‌ஷன் 163 இருக்கே, அது வேற விஷயம் பேசுது. ஷேர்ஹோல்டரோட நலனை அநியாயமா பாதிக்கிற மாதிரியோ, அதை கண்டுக்காமலே விடுற மாதிரியோ கம்பெனியை நடத்தினா அவங்க கோர்ட்டுக்குப் போகலாம். நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம், புது டைரக்டரை போடலாம், ஷேருக்கான மதிப்பை கொடுத்து அவங்களை வெளியேற விடச் சொல்லலாம், அதிகாரம் அவ்வளவு விரிவானது.

2024ல ப்ளூம்ஃபொன்டெய்ன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு டெக்னாலஜி கம்பெனி வழக்குல கொடுத்த தீர்ப்பை தயவுசெஞ்சு உங்க அட்டர்னிகிட்ட கேட்டு படிங்க. நிர்வாகத்துலேர்ந்து ஒதுக்கப்பட்ட ஒரு மைனாரிட்டி ஷேர்ஹோல்டர், அவருக்கு டிவிடெண்டும் இல்ல, ஷேரை வாங்கிக்க நியாயமான விலையும் யாரும் சொல்லல, உள்ள பூட்டி வெச்ச மாதிரி. கடைசியில அவர்தான் ஜெயிச்சார். ஆனா கேஸ் போட்டது 2008ல. 16 வருஷம்! நம்ம வீட்டு அக்காமார்ல எத்தனை பேருக்கு அவ்வளவு காலமும் காசும் இருக்கு சொல்லுங்க?

இன்னொண்ணும் இருக்கு. கம்பெனி குடோனை பையனோட கம்பெனிக்கு பாதி வாடகைக்கு விடுறதுன்னு வெச்சுக்குங்க. அங்க திருடு போறது கம்பெனி காசு, அதனால வழக்கும் கம்பெனி பேர்லதான் போகணும். ஷேர் மதிப்பு குறைஞ்சதுன்னு ஷேர்ஹோல்டர் நேரா டைரக்டர்மேல கேஸ் போட முடியாதுன்னு ஆஃப்ரிக்கன் பேங்க் விவகாரத்துல 2020ல அதே நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. அதுக்குத்தான் செக்‌ஷன் 165. முதல்ல வழக்கு போடச் சொல்லி ஷேர்ஹோல்டர் கம்பெனிக்கு எழுத்துல டிமாண்ட் கொடுக்கணும், அதுல அர்த்தமில்லன்னு கம்பெனி நினைச்சா 15 வேலை நாளுக்குள்ள கோர்ட்டுல கேட்டு ரத்து பண்ணப் பாக்கலாம், இல்லேன்னா சம்பந்தமில்லாத நடுநிலை ஆளை வெச்சு விசாரிச்சு 60 வேலை நாளுக்குள்ள வழக்கு போடணும் இல்ல போடமாட்டோம்னு பதில் தரணும். மாட்டோம்னா அப்புறம் கம்பெனி பேர்ல தானே வழக்கு நடத்த ஷேர்ஹோல்டர் கோர்ட் அனுமதி கேக்கலாம், நல்லெண்ணத்தோடதான் வந்திருக்காங்க, விஷயம் பெருசு, கம்பெனிக்கு நல்லதுன்னு மூணும் காட்டணும். ஜெயிச்சாலும் பணம் கம்பெனிக்குத்தான் போகும், அக்கா கைக்கு வராது. அதனால "சொத்தை பிடுங்க வந்துட்டா"ன்னு அவங்களை திட்டுறது கொஞ்சமும் நியாயமில்ல.

எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் ரெஜிஸ்டர். தாத்தா உயில்ல எழுதினா மட்டும் போதாது, கம்பெனியோட ஷேர் ரெஜிஸ்டர்ல பேர் ஏறணும், அது ஏறாம ஷேர்ஹோல்டர்னு சொல்லி கோர்ட் வாசல்ல நிக்கிறதே கஷ்டம். அந்த புக்கு உங்க ஆபீஸ் அலமாரியிலதானே இருக்கு. உயிலை நிறைவேத்துற எக்ஸிக்யூட்டர் பேப்பரெல்லாம் கொடுத்தப்புறமும் "அடுத்த மாசம் பாக்கலாம்"னு தள்ளிப்போடுறீங்களே, ஒரு வரி எழுதுறதுக்கு எத்தனை மாசம் வேணும்? தங்கச்சி பேரை எழுத கை வராதா?

பிரைவேட் கம்பெனிக்கு வருஷா வருஷம் பொதுக்கூட்டம் நடத்தணும்னு சட்டம் கட்டாயப்படுத்தல, அது உங்களுக்கு வசதியா போச்சு. ஆனா 10 சதவீத ஓட்டு வெச்சிருக்கிறவங்க எழுத்துல கேட்டா கூட்டம் கூட்டித்தான் ஆகணும். டைரக்டர் பதவியை விட்டுட்டா தப்பிச்சோம்னும் நினைக்காதீங்க. பதவியை மோசமா துஷ்பிரயோகம் பண்ணினவரை குறைஞ்சது 7 வருஷத்துக்கு டைரக்டரா இருக்க விடாம பண்ணச் சொல்லி மனு போட, அவர் பதவியை விட்டதுலேர்ந்து முன்பெல்லாம் 24 மாசம்தான் டைம், 2024 டிசம்பர் 27லேர்ந்து அது 60 மாசம்.

நான் சண்டைக்கு வரல. கோர்ட்டுக்குப் போனா ரெண்டு பக்கமும் வக்கீல் ஃபீஸ்லயே தாத்தா சேர்த்ததுல பாதி போயிடும்னு எனக்கும் தெரியும். கம்பெனி தகராறுகளை கேக்குற கம்பெனீஸ் ட்ரிப்யூனல்ல மீடியேஷனுக்கு, அதாவது நடுவர் வெச்சு சமரசம் பேச, வழி இருக்கு, செக்‌ஷன் 166, அங்க உக்காந்து பேசலாம். அதுக்கும் முன்னாடி நீங்களே செய்யக்கூடியது இருக்கு. வர்ற பிப்ரவரி கணக்கு முடிஞ்சதும் ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்டை எல்லா ஷேர்ஹோல்டருக்கும் அனுப்புங்க, கேட்டா ஒரு காப்பி இலவசமா கொடுக்கணும்னு சட்டமே சொல்லுது. விட்டுப்போன பேர்களை ரெஜிஸ்டர்ல ஏத்துங்க. டிவிடெண்ட் தர முடியலைன்னா ஏன்னு எழுத்துல சொல்லுங்க, வெளிய போக ஆசைப்படுற அக்காவுக்கு வெளி ஆடிட்டர் போடுற விலையை கொடுங்க, ஒரே தடவையில முடியலைன்னா தவணையா கொடுங்க, அவங்க ஒத்துக்குவாங்க. பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், அவங்கவங்க தங்கச்சிக்கு அனுப்புங்க.