பரண்மேல் கிடக்கும் உன் சிபியூ

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். தங்கச்சி கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. குடும்பத்தோடு வருகிறோம், முதல் நாளே வந்துவிடுவோம். மற்றதைப் போனில் பேசிக்கொள்ளலாம். இந்த விஷயத்தை மட்டும் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வடக்குத்தெரு ஆச்சியின் ஒப்பாரி கிடைத்துவிட்டது!

என் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் போன மாதம் பவர் சப்ளை போய் அடங்கிவிட்டது. புது லேப்டாப் வாங்கியாயிற்று, ஆனால் பழையதில் இருந்ததை எல்லாம் கொண்டுவர வேண்டுமே. ஹார்டு டிஸ்கைக் கழற்றினேன். பட்டையான ரிப்பன் கேபிள் மாட்டுவோமே, அந்த ஐடிஇ வகை. சென்னை ரிட்சி தெருவில் அதற்கு இன்னும் யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கிறது. மாட்டியதும் டிஸ்க் தெரிந்தது. என் பெயரில் இருந்த ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்றது, 'கன்டினியூ' கொடுத்ததும் திறந்துவிட்டது. போட்டோக்கள், வீட்டுக் கடன் கணக்கு எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன.

ஒப்பாரி ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. பக்கத்தில் இருந்த அக்கா மகன், "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு மாமா, அழிச்சிடலாம்" என்றான். எனக்குப் பகீரென்றது. ஆச்சி பாடியதைப் பதிந்த கேசட்டெல்லாம் பூஞ்சை பிடித்துப் போனது உனக்கே தெரியும். ஆச்சியும் இல்லை. அந்தப் பாட்டுகள் இருப்பது இந்த ஃபைல்களில் மட்டும்தான்.

முதல் பக்கத்தை உற்றுப் பார்த்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அது 'அம்மா' சேகர்! பாமினி ஃபான்ட். நாம் அடித்த காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தானே தமிழ் உருவத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். எம் என்றால் அ, கே என்றால் ம. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டருக்கு அது வெறும் ஆங்கிலம். பழைய டிஸ்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று ஒன்று உண்டு. அதிலிருந்து பாமினியை எடுத்துப் போட்டதும் ஆச்சி எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்குள் பாடினால் ஆகாது என்று நம்மைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போய், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு பாடினாளே, அந்தப் பாட்டு. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அதோடு விட மனமில்லை. நாளைக்கு இன்னொரு கம்ப்யூட்டரில் மறுபடி குப்பையாகத்தான் தெரியும், 'மகனே' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கம்ப்யூட்டரும் தமிழைத் தமிழாகவே அறியும் பொது முறைக்கு, மாற்றிக்கொண்டிருக்கிறேன். 1991லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் தமிழக அரசே 2010இல்தான் அதை ஏற்றது. நமக்கு டைப் அடித்துக் கொடுத்த டிடிபி சென்டரில் அந்தப் பேச்சே கிடையாது. மாற்றித் தரும் மென்பொருள் ஒரு நொடியில் வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் ஓரத்தில் ஆங்கிலத்தில் சிடி என்று நீ குறித்துவைத்ததெல்லாம் 'ஊனு' ஆகிவிட்டது. அதற்குப் பாமினியும் ஒன்றுதான், ஆங்கிலமும் ஒன்றுதான். ஆகவே வரிவரியாகப் படித்துச் சரிபார்க்கிறேன். படிக்கப் படிக்க, ஆச்சி எவ்வளவு பெரிய கவி என்று இப்போதுதான் உறைக்கிறது. அந்த வயதில் நமக்கு எங்கே தெரிந்தது.

இனி உன் விஷயம். மேலத்தெருப் பாட்டுகளை நீ வேறு கடையில் கொடுத்து அடித்தாய் அல்லவா? நான் அப்போதே வேண்டாம் என்றேன், அந்தக் கடையில் டீ நன்றாக இருக்கிறது என்றாய். அவை பாமினியில் இல்லை. திறந்தால் தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வருகின்றன. ஃபான்ட் பெயர் வேர்டில் மேலே தெரிகிறது, ஆனால் அந்த ஃபான்ட் என்னிடம் இல்லை. கடைக்காரர் தானே செய்து வைத்திருந்தது போலிருக்கிறது, எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பாட்டுகளை உன் கம்ப்யூட்டரில்தான் திருத்தினாய், அதனால் ஃபான்ட் அதில் இருந்தே தீர வேண்டும்.

கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிறேன் என்று பரணைக் காலி செய்வாய், உன்னை எனக்குத் தெரியும். அந்த சிபியூவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதே. டிஸ்க் இருந்தால் போதும், பெட்டி எப்படிப் போனாலும் பரவாயில்லை. நீ கழற்றவும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரை உன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஹாஸ்டல் ஃபேனைக் கேட்டால் சொல்லும். அடாப்டரை நானே எடுத்து வருகிறேன். பந்தக்கால் நட்ட கையோடு எனக்கு ஒரு மணி நேரம் கொடு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். இதைப் படித்ததும், பரணில் பார்த்துவிட்டு ஒரு போன் போடு. எந்நேரமானாலும் சரி.

உன்,
கண்ணன்